பாலியின் பழைய தலைநகர் சிங்கராஜா: ஒரு மணி நேரம் போதுமா?

கடலோரக்குமரன்

வணக்கம். ஆகஸ்டில் அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு பாலி போகிறேன். உபுத், தெற்குக் கடற்கரைகள் எல்லாம் பட்டியலில் வந்துவிட்டன. வடக்கே சிங்கராஜா என்று ஒரு ஊர் இருப்பதைப் பற்றிப் படித்தேன். ராஜாக்கள் ஆண்ட ஊராம், டச்சுக்காரர் காலத்தில் தீவு முழுவதற்கும் தலைநகராம். இப்போது புலெலெங் மாவட்டத்தின் தலைநகர் மட்டும்தான். பயண ஏற்பாட்டாளரைக் கேட்டால், "லோவினாவில் டால்பின் பார்க்கப் போகிற வழியில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் போதும் சார்" என்கிறார். அம்மா தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய எழுத்து, கோயில் என்றால் நாள் முழுக்க நின்று பார்ப்பார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: ஒரு மணி நேரமா, ஒரு நாளா?

மலைக்கப்பால்

ஒரு மணி நேரத்தில் துறைமுகத்துக் காற்று வாங்கலாம், அவ்வளவுதான். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள முதலில் மலையைப் பார்க்க வேண்டும். பாலியின் நடுவே எரிமலைத் தொடர் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தெற்கே இருந்த கெல்கெல் ராஜாக்களுக்கு வடக்கு என்பது மலைக்கு அப்பால் கிடந்த நாடு. டென் புகிட் என்றுதான் அதை அழைத்தார்கள். அங்கே போய் ஓர் அரசை உண்டாக்கியவன் பஞ்சி சக்தி. கெல்கெல் ராஜாவுக்குப் பணிப்பெண் ஒருத்தியிடம் பிறந்த பிள்ளை, அரியணைக்கு இடைஞ்சலாகிவிடுவான் என்று சிறு வயதிலேயே தாயின் ஊர்ப் பக்கம் அனுப்பிவைக்கப்பட்டவன் என்று 'பாபாத் புலெலெங்' என்ற வம்சாவளிச் சுவடி சொல்கிறது. கரைதட்டி நின்ற ஒரு கப்பலை ஊர்க்காரர் யாராலும் நகர்த்த முடியவில்லை. இவன் தன் குறுவாளான கெரிஸின் சக்தியால் மிதக்க வைத்தான். கப்பல்காரன் கொடுத்த பொருளில்தான் இவன் கை ஓங்கியது என்பது கதை. கதையில் எவ்வளவு நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்த அரசு கடலை நம்பி எழுந்தது என்பதை அந்தக் கதை சரியாகச் சொல்லிவிடுகிறது. தெற்கத்தி ராஜாக்களுக்கு நெல்வயலே செல்வம். புலெலெங் ராஜாக்களுக்குத் துறைமுகமும் சேர்ந்தது.

1604 மார்ச் 30 ஊரின் பிறந்த நாள். இன்றைக்கும் வருடாவருடம் விழா எடுக்கிறார்கள். பஞ்சி சக்தி ஜாவாவின் கிழக்கு முனையில் இருந்த பிளம்பாங்கன் வரை படை நடத்தியவன்.

நேர்பேச்சு

மலைக்கப்பால் சார் சொல்வதைக் கேட்டுப் பெரிய அரண்மனையை எதிர்பார்த்துப் போய்விடாதீர்கள். நான் போனேன். புரி அகுங் புலெலெங் என்பது ஒரு பெரிய வீட்டு வளாகம். முற்றம், சில மண்டபங்கள், பழைய புகைப்படங்கள். அரச குடும்பத்தார் இன்னும் அங்கேயே வசிக்கிறார்கள். அரை மணியில் பார்த்துவிடலாம். மைசூர், தஞ்சாவூர் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை.

துறைமுகமும் ஓய்ந்துவிட்டது. சரக்குக் கப்பல்கள் மேற்கே செலுகான் பாவாங்குக்குப் போய்விட்டன. பழைய இரும்புப் பாலம், சீனர் கோயில், கடலைப் பார்த்து விரல் நீட்டி நிற்கும் போராட்ட நினைவுச் சின்னம், மாலையில் மீன் சாப்பிட வரும் குடும்பங்கள்: இவ்வளவுதான் மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகலச் சாலைகள், வெள்ளைச் சுவர் அலுவலகக் கட்டடங்கள் என்று இன்று சிங்கராஜாவில் நகரமாகத் தெரிவதில் பெரும்பகுதி டச்சுக்காரர் போட்டது. ராஜா ஊர் என்று போனால் கலெக்டர் ஊரைத்தான் பார்ப்பீர்கள்.

மலைக்கப்பால்

நேர்பேச்சு, அரண்மனை சிறியது என்பது உண்மை. ஏன் சிறியது என்று கேட்டால்தான் ஊரின் கதையே தொடங்குகிறது. 1846இல் டச்சுப் படை கரையிறங்கியபோது அரண்மனை எரிந்தது.

கரையில் மோதி உடையும் கப்பலும் அதில் உள்ள சரக்கும் அந்தக் கரையின் ராஜாவுக்கே சொந்தம் என்பது பாலியில் நெடுங்கால வழக்கம், தாவான் காராங். அதை விட்டுக்கொடுக்கும்படி டச்சுக்காரர் ஒப்பந்தம் போட்டார்கள். புலெலெங் மசியவில்லை. அப்போது ராஜாவைவிட அதிகம் பேசப்பட்டவர் பதி, அதாவது முதலமைச்சர், குஸ்தி கெதுத் ஜெலாந்திக். 1846 தோல்விக்குப் பிறகு கிழக்கே உள்ளே தள்ளி ஜகராகா கிராமத்தில் மண்கோட்டை கட்டினார். 1848இல் டச்சுப் படை அங்கே அடி வாங்கித் திரும்பியது. ஐரோப்பியப் படையொன்று பாலிக்காரர்களிடம் தோற்றுத் திரும்பிய செய்தி, சாதாரணச் செய்தி இல்லை. 1849 ஏப்ரலில் பெரும் படையோடு மறுபடியும் வந்துதான் ஜகராகாவைப் பிடித்தார்கள். ராஜாவும் ஜெலாந்திக்கும் கிழக்கே தப்பிப்போய், டச்சுக்காரரோடு சேர்ந்திருந்த பக்கத்துத் தீவான லொம்பொக்கின் படையிடம் சிக்கி மடிந்தார்கள். தென் பாலியின் ராஜ்யங்கள் டச்சு ஆட்சிக்குள் போக 1906, 1908 வரை ஆயிற்று. வடக்கு அதற்கு அரை நூற்றாண்டு முன்பே போய்விட்டது. 1882இல் சிங்கராஜா 'பாலி, லொம்பொக்' ரெசிடென்சி என்ற டச்சு நிர்வாகப் பகுதிக்குத் தலைமையிடமானது.

கலெக்டர் ஊரைத்தான் பார்ப்போம் என்றீர்கள். சரி. ஆனால் கலெக்டர் இந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் ராஜாவின் துறைமுகம்.

நேர்பேச்சு

அதே துறைமுகத்தில் ராஜாக்கள் விற்ற சரக்கில் மனிதர்களும் இருந்தார்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள். கடனில் மாட்டியவர்கள், போரில் பிடிபட்டவர்கள், ஆண் வாரிசு இல்லாமல் கணவனை இழந்த பெண்கள் என்று பாலி அடிமைகள் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) சந்தைக்குப் போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நடந்தது. எதிர்த்திசையில் அபின் வந்தது. ராஜ காலம் என்றதும் பொற்காலம் என்று நெகிழ்வது எனக்கு ஒப்பாது. ஜெலாந்திக்கின் வீரத்தை நான் மறுக்கவில்லை. அந்த வீரத்துக்குப் பின்னால் யாருடைய வயலும் யாருடைய உடம்பும் இருந்தன என்பதையும் ஊருக்குப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலைக்கப்பால்

மறுக்கவே இல்லை. நன்றாகச் சொன்னீர்கள்.

ஏட்டுச்செல்வி

அரண்மனை அளவைப் பற்றி இரண்டு பெரியவர்களும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். குமரன் தம்பி, உங்கள் அம்மாவுக்கு வேண்டிய இடம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கெடோங் கீர்த்யா. சாஸனா புதயா வளாகத்துக்குள், புலெலெங் அருங்காட்சியகத்துக்கு அருகில் இருக்கும் சுவடி நூலகம். நான் சுவடித் துறையில் வேலை பார்த்தவள், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1928இல் தொடங்கியது. அப்போதைய டச்சு ரெசிடென்ட் கரோன் முன்னின்றார். பாலியின் ராஜ குடும்பத்தாரும் பதண்டா எனப்படும் புரோகிதர்களும் கூடி முடிவெடுத்தார்கள். தொடக்கப் பெயரில் இரண்டு டச்சுக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் லீஃப்ரிங்க், பாலி கிராமங்களின் சட்டத்தையும் நிலமுறையையும் எழுதிவைத்த அதிகாரி. இன்னொருவர் வான் டெர் டூக். மலாக்காவில் பிறந்தவர். பைபிளை மொழிபெயர்க்க அனுப்பப்பட்டவர், 1870இல் பாலிக்கு வந்தவர் சிங்கராஜாவுக்குப் பக்கத்திலேயே ஒரு சாதாரண வீட்டில் தங்கிவிட்டார். கவி மொழி (பழைய ஜாவா மொழி), பாலி மொழி, டச்சு மூன்றுக்குமான பேரகராதிக்காகச் சாகும்வரை சொல் சேர்த்தார். 1894இல் இறந்தார், அகராதி நான்கு தொகுதிகளாக அதன்பிறகுதான் அச்சேறியது.

கீர்த்யா வேலை செய்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வீடுகளில் இருந்த சுவடிகளைப் பறித்துக்கொண்டு வரவில்லை. பாலியிலிருந்தும் லொம்பொக்கிலிருந்தும் இரவல் வாங்கினார்கள், புதிய ஓலையில் படி எடுத்தார்கள், மூலத்தை உடையவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஓலைக்கு ஈரக்காற்றும் பூச்சியும் எமன். அந்தத் தட்பவெப்பத்தில் சுவடியைக் காப்பாற்ற ஒரே வழி திரும்பத் திரும்பப் படியெடுப்பது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள் அவர்கள். நம் ஊரில் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஏடுகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

ஏடுகளை ஏழு வகையாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். வேதம், ஆகமம் என்ற பெயர்களைப் பார்த்து நம்முடைய நூல்களே அங்கே இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஆகமம் என்ற அடுக்கில் சட்டமும் ஒழுக்க விதியும் இருக்கும். வாரிகாவில் சோதிடமும் நாள் கணக்கும் இருக்கும். இதிகாசம், பாபாத் என்ற வம்ச வரலாறு, தந்த்ரி என்ற விலங்குக் கதைகள், லெலாம்பஹான் என்ற நாடக வகை, எல்லாம் தனித்தனி. ஒவ்வொரு கட்டும் க்ரோபாக் என்ற நீளப் பெட்டிக்குள் இருக்கும்.

கடலோரக்குமரன்

செல்வி அக்கா, அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அது பனையோலையா, தாளிப்பனையா? நம் ஏட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேள்" என்கிறார்.

ஏட்டுச்செல்வி

அம்மாவுக்கு என் வணக்கம். பனை, நம் பனையேதான். வடக்கு, கிழக்கு பாலியின் வறண்ட கரையோரம் நிறைய நிற்கும். ஓலையை ஈர்க்கு நீக்கி ஊறவைத்து, மூலிகை போட்டு அவித்து, உலர்த்தி, மரச் சட்டத்துக்குள் இறுக்கி மாதக்கணக்கில் வைப்பார்கள். அதனால் தட்டையாக, வழவழப்பாக இருக்கும். ஏட்டில் மூன்று துளை: இரு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. பக்கத்துக்குப் பெரும்பாலும் நான்கு வரி.

பெரிய வித்தியாசம் கருவியில். நாம் கூர்முனை எழுத்தாணியால் கீறினோம். அவர்களுடைய பெங்ருபக் ஒரு சிறு கத்தி, முனை சாய்வாகத் தீட்டியது. அதனால் அவர்கள் எழுத்தில் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும். எழுதி முடித்ததும் கெமிரிக் கொட்டையைச் சுட்ட கரியைத் தடவித் துடைப்பார்கள். நாம் விளக்குக் கரியும் கோவையிலைச் சாறும் தடவிய அதே வேலை.

அம்மாவிடம் எழுத்து முறையைக் கவனிக்கச் சொல்லுங்கள். பாலி எழுத்து பல்லவர் கால எழுத்திலிருந்து கவி எழுத்து வழியாக வந்தது. ஆகையால் ஒற்றைக்கொம்பு அங்கேயும் மெய்க்கு முன்னால்தான் நிற்கும். 'கொ' எழுத முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. சொற்களுக்கு இடைவெளி கிடையாது. நம்மைப் போல் எல்லா மெய்க்கும் புள்ளி வைக்காமல் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவார்கள். எழுத்து அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் அம்மா அங்கேயே ஓரிரு சொல்லைக் கூட்டிப் படித்துவிடுவார்.

குழிக்குள்_குழி

அகழாய்வு ஆர்வலன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். சிங்கராஜாவிலிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் தெஜாகுலா வட்டாரத்தில் செம்பிரான், பாசுங் என்ற கிராமங்கள். 1980களின் கடைசியில் அங்கே தொல்லியலாளர் வாயான் அர்திகா தோண்டினார். பல அடி ஆழத்தில், அரிக்கமேட்டில் கிடைக்கும் அதே ரூலெட்டட் (உருளையால் கோலமிட்ட) பானை ஓடுகள் கிடைத்தன. இந்திய எழுத்துக் கீறல் உள்ள ஓர் ஓடும் கிடைத்தது. சுமார் 2000 வருடத்துக்கு முந்தைய தொடர்பு. மண்ணின் கனிமச் சேர்க்கையைச் சோதித்ததில் அரிக்கமேட்டு ஓடுகளோடு ஒத்துவந்தது.

கவனமாகப் பேச வேண்டும். பானை வந்ததால் தமிழன் ஆண்டான் என்று யாரும் இங்கே தொடங்க வேண்டாம். எத்தனை கை மாறி அந்தப் பானை அங்கே போனது என்று தெரியாது. ஆனால் பஞ்சி சக்திக்குப் பதினாறு நூற்றாண்டுக்கு முன்பே அந்தக் கரை வங்கக்கடலோடு பேசிக்கொண்டிருந்தது என்பது உறுதி. இந்த ஊர்ப்பக்கத்துக்குப் போகும் தமிழர் யாரும் செம்பிரான் பெயரைச் சொல்வதில்லை, அது எனக்குத் தீராத ஆதங்கம்.

நேர்பேச்சு

இது எனக்குப் புதுச் செய்தி. நன்றி. அங்கே போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

குழிக்குள்_குழி

தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். கிராமமும் கடலும்தான். செம்பிரான் பாலியின் பழங்குடி ஊர்களில் ஒன்று. தெற்கத்திச் சடங்குகள் முழுதாக நுழையாத ஊர். அதற்காகவே போகலாம்.

வடகரைவாசி

நான் லோவினா பக்கம் சில வருடம் வேலை பார்த்தவன். வரலாற்றைப் பெரியவர்கள் எழுதிவிட்டார்கள், நான் ஊரின் தெருக்களைப் பற்றிச் சொல்கிறேன்.

சிங்கராஜாவில் ஒரே நடையில் சீனக் கோயில், மசூதி, பாலிக் கோயில் மூன்றும் வந்துவிடும். துறைமுகத்தில் இருக்கும் லிங் குவான் கியோங் கோயில் 1873இல் கட்டியது. பெரிய மசூதியின் மரவேலைப்பாட்டு வாசற்கதவு அரண்மனையிலிருந்து வந்தது என்பார்கள். அரச குடும்பத்தில் பிறந்த ஒருவர் கையால் எழுதிய குர்ஆனும் அங்கே இருக்கிறது. தெற்கே மலையேறும் வழியில் பெகாயாமான் என்ற முஸ்லிம் கிராமம். பஞ்சி சக்தி ஜாவாவிலிருந்து கூட்டிவந்த வீரர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே பிள்ளைகளுக்கு வாயான், நியோமான், கெதுத் என்று பாலி முறைப்படி பிறந்த வரிசைப் பெயரும் இருக்கும், கூடவே முஸ்லிம் பெயரும் இருக்கும். ராஜா காலம் எங்கே மிச்சமிருக்கிறது என்று என்னைக் கேட்டால் அரண்மனையைக் காட்ட மாட்டேன், பெகாயாமானைக் காட்டுவேன்.

இந்தோனேசியாவின் முதல் ஜனாதிபதி சுகர்னோவின் தாயார் ஐடா அயு நியோமான் ராய் இந்த ஊர்க்காரர். ஜாவாவிலிருந்து பள்ளி ஆசிரியராக வந்தவரை மணந்தார். அது இந்த ஊரில்தான் நடந்திருக்க முடியும். 1920களில் சாதியைப் பற்றி அச்சில் சண்டை போட்டதும் இங்கேதான். சாதாரணக் குடிகளில் படித்தவர்கள் 'சூர்ய காந்தா' பத்திரிகை நடத்தினார்கள், மேல்சாதிப் பக்கம் 'பாலி அத்ன்யானா'. பிறப்பா, படிப்பா என்பதுதான் விவாதம்.

தாளக்கட்டு

இசையை விட்டுவிட்டீர்களே! இன்றைக்கு உபுத்தில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அந்த வெடிப்பான கமெலான் (வெண்கல வாத்தியக் குழு இசை), கோங் கெப்யார், பிறந்தது புலெலெங் கிராமங்களில், 1915 வாக்கில். அதற்கு முன்பு அரண்மனைக் கமெலான் நிதானமாக, அடங்கி நடக்கும். தெற்கில் அரண்மனைகள் வீழ்ந்தபின் பழைய வாத்தியங்கள் கிராமங்களிடம் போய்ச்சேர்ந்தன. வடக்கில் ராஜாவின் பிடி முன்பே தளர்ந்திருந்தது. கிராமக் குழுக்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. திடீர் அடி, திடீர் மௌனம், மின்னல் வேகம். அரசவை கேட்காததை ஊர் கேட்டது. த்ருணா ஜயா நடனத்துக்குப் பெயர்போன கெதே மானிக் அதே ஜகராகாக்காரர். டச்சுப் படையை 1848இல் திருப்பி அனுப்பிய கிராமம்தான் இதையும் கொடுத்தது.

மலைக்கப்பால்

ஜகராகாவின் பூரா தாலம் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்சுவர்ப் புடைப்புச் சிற்பத்தில் மோட்டார் வண்டியில் போகும் வெள்ளைக்காரர்களைத் துப்பாக்கிக்காரன் மறிக்கிறான், விமானங்கள் கடலில் விழுகின்றன, நீராவிக் கப்பல் தெரிகிறது. குபுதம்பஹானில் மெடுவே காராங் கோயிலில் சைக்கிள் ஓட்டும் மனிதர். பின்சக்கரம் தாமரைப் பூ. 1904இல் அந்தப் பக்கம் சைக்கிளில் திரிந்த டச்சு ஓவியர் நியூவென்காம்ப் என்பார்கள். 1917 நிலநடுக்கத்துக்குப் பிறகு திருத்திக் கட்டிய கோயில். கண்ணில் பட்ட புதுப்பொருளைத் தயங்காமல் தெய்வத்தின் சுவரில் ஏற்றிவிட்டார்கள்.

நேர்பேச்சு

நான் அரண்மனையையும் துறைமுகத்தையும் மட்டும் வைத்து எழுதினேன். கோயில்களும் கிராமங்களும் சேர்ந்தால் கணக்கு வேறு. ஆனாலும் நகரத்தைப் பற்றிய என் வருத்தம் அப்படியே இருக்கிறது. 1958இல் பாலி தனி மாகாணமான பிறகு தலைமையிடம் தென்பாசாருக்குப் போனது. அலுவலகம், பணம், விமானம், வேலை எல்லாம் தெற்கே போயின. இப்போது பட்டம் வாங்கிய பிள்ளைகளும் தெற்கே போகிறார்கள். வெளியூர்க்காரர் வந்து "ஆகா, எவ்வளவு அமைதி" என்று மெச்சும் அமைதி அங்கே வாழ்கிறவனுக்கு வேலையில்லாத அமைதி. குபுதம்பஹானில் விமான நிலையம் வரப்போகிறது என்று வருடக்கணக்கில் பேச்சு ஓடுகிறது.

வடகரைவாசி

உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் கப்பலால் வளர்ந்த ஊருக்கு விமானம் வந்த அன்றே அடி விழுந்தது. சிங்கராஜா முன் ஆழமான துறை கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், படகில்தான் இறங்க வேண்டும், மேற்குப் பருவக்காற்றில் அதுவும் பாடு. விமான நிலையம் வரட்டும் என்று ஊரில் பலர் காத்திருக்கிறார்கள். கோயில் நிலமும் வயலும் என்னாகும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. எனக்குத் தனிப்பட்ட முறையில், பல்கலைக்கழகம் உள்ள ஊர் அது. மாணவர்களை நம்பி வளரட்டும், தெற்கின் சுற்றுலாக் கூட்டக் கடற்கரையான குட்டாவாக மாற வேண்டாம் என்பதே ஆசை. லோவினாவைத் தொடங்கியவரே புலெலெங் ராஜா பஞ்சி திஸ்னா, நாவலாசிரியர். அவர் 1950களில் கடலோரம் கட்டியது சின்னதாக ஒரு விடுதி.

கடலோரக்குமரன்

அனைவருக்கும் நன்றி. இரண்டு இரவு என்று ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட்டேன். அம்மா சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி? எந்த வரிசையில் பார்ப்பது?

வடகரைவாசி

சைவம் என்றால் கேட்டுச் சாப்பிட வேண்டும். ஜுகுட் உண்டிஸ் என்று கறுப்புத் துவரையில் ஒரு குழம்பு, வடக்கத்திச் சாப்பாடு, அம்மாவுக்குப் பிடிக்கும். சிலர் இறைச்சிச் சாறு சேர்ப்பார்கள், "தன்பா டாகிங்" என்று சொல்லிக் கேளுங்கள். டெம்பே (புளிக்கவைத்த சோயா), தோஃபு எங்கும் உண்டு. நீங்கள் இருவரும் அசைவம் என்றால் காலையில் பெலாயாக்: ஓலையில் பொதிந்து வேகவைத்த சோறு, கெட்டியான கோழிக் குழம்பு.

தென்பாசாரிலிருந்து பெடுகுல் வழி மலையேறி வாருங்கள், சுமார் 80 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை முதலில் கீர்த்யா, அது அரசு அலுவலக நேரத்தில் இயங்கும் இடம், வார நாளாகப் பார்த்துப் போங்கள். பிறகு புரி, வெயில் தாழத் துறைமுகம். அடுத்த நாள் கிழக்குத் திசை: சங்சிட்டில் பெஜி கோயில், ஜகராகா, குபுதம்பஹான், நேரமிருந்தால் செம்பிரான்.

ஏட்டுச்செல்வி

பெஜி கோயில் நெல்லின் தேவி ஸ்ரீக்கு எடுத்தது. இளஞ்சிவப்பு மணற்கல்லில் ஓர் அங்குலம் விடாமல் கொடியும் பூவும். கோயிலுக்குள் நுழைய இடுப்பில் சாரமும் கச்சையும் கட்ட வேண்டும். அம்மா சேலையில் வந்தாலும் ஒரு கச்சைத் துணி கையில் இருக்கட்டும். கீர்த்யாவில் ஏட்டைத் தொடும் முன் பணியாளரைக் கேளுங்கள். ஓலையில் எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்டால், எழுதத் தெரிந்தவர் அன்று இருந்தால், காட்டுவார். அம்மாவின் பெயரைப் பாலி எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.